டிக்குக்கு ஓர் எழுத்து: எல்சிடி திரையும் டைமர் இன்டரப்டும்

அர்டுயீனோ யூனோ போர்டில் இரண்டு வரி, பதினாறு எழுத்து எல்சிடி திரை ஒன்றை நான்கு டேட்டா கம்பிகளில் இணைத்து, அதற்கென்றே உள்ள லிக்விட்கிரிஸ்டல் லைப்ரரியால் திரை முழுவதையும் ஒருமுறை எழுதினால் குறைந்தது 6.4 மில்லிசெகண்ட் ஆகும். கணக்கு எளிது. லைப்ரரி ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாக அனுப்புகிறது. ஒவ்வொரு பாதிக்குப் பிறகும் 100 மைக்ரோசெகண்ட் சும்மா நிற்கிறது. 32 எழுத்து, 64 பாதி. பின்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் எட்டு மில்லிசெகண்ட் வரை போகும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி, நின்ற அந்த 6.4 மில்லிசெகண்டில் மட்டும் 1,02,400 கிளாக் சுழற்சிகளை எதுவும் செய்யாமல் கடத்துகிறது.

இந்தக் காத்திருப்பை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. மெயின் லூப்பின் தலையில் கட்டினால் சென்சார் வாசிப்பும் பட்டன் கவனிப்பும் தடுமாறுகின்றன. உடனே எல்லாருக்கும் தோன்றும் யோசனை, “டைமர் இன்டரப்டில் போட்டுவிடு” என்பது. கல்லூரி ப்ராஜெக்ட் முதல் தொழிற்சாலைக் கருவி வரை இந்த யோசனை பல வடிவங்களில் புழங்குகிறது. சில வடிவங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. சில, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் திரையில் கிறுக்கலைக் காட்டி நிற்கின்றன. இரண்டு வகைப் புரோகிராம்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு ஓரிடத்தில்தான் தெரிகிறது: ஒன்று இன்டரப்டுக்குள் காத்திருக்கிறது, மற்றது இரண்டு இன்டரப்டுகளுக்கு நடுவே காத்திருக்கிறது.

திரைக்குள் என்ன இருக்கிறது

இந்தத் திரைகளின் இலக்கணத்தை வகுத்தது ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எச்டி44780 என்ற கட்டுப்பாட்டுச் சில்லு. இன்று சென்னை ரிச்சி தெருவில் பச்சை, நீலப் பின்னொளியோடு கிடைக்கும் திரைகளில் பலவற்றில் இருப்பது அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் இணைச் சில்லுகள்: சாம்சங்கின் கேஎஸ்0066, சைட்ரானிக்ஸின் எஸ்டி7066யூ, சன்பிளஸின் எஸ்பிஎல்சி780டி போன்றவை. திரையின் முதுகில் கறுப்பு எபாக்சிக் குமிழுக்குள் மறைந்திருப்பதால் எது உள்ளே இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

சில்லுக்குள் 80 பைட் எழுத்து நினைவகம் உண்டு. திரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பைட். அந்த பைட்டுக்குரிய வடிவத்தைத் தன் எழுத்துப் பட்டியலிலிருந்து எடுத்து, புள்ளிகளாக்கி, கண்ணாடியின் வரிசைகளை மாற்றி மாற்றி ஓட்டும் வேலையைச் சில்லே பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை எழுதிவிட்டால் மின்சாரம் இருக்கும் வரை எழுத்து நிற்கும். மைக்ரோகண்ட்ரோலர் தூங்கலாம், ஹேங் ஆகலாம்; திரை கடைசியாகச் சொல்லப்பட்டதையே நிதானமாகக் காட்டிக்கொண்டிருக்கும். (பாய்லர் அருகில் இருக்கும் கருவிக்கு இது ஆபத்தான குணம். செத்துப்போன புரோகிராமின் பழைய அளவீடு, உயிருள்ளது போலவே தெரியும். ஓரத்தில் ஓர் எழுத்தைச் சிமிட்டவிடுவது இதற்காகத்தான்.)

ஆக, இந்தத் திரைக்கு ‘ரிஃப்ரெஷ்’ தேவையில்லை. தேவைப்படுவது பொறுமை. ஓர் எழுத்தையோ சாதாரணக் கட்டளையையோ ஏற்றுச் செரிக்க அதற்கு 37 மைக்ரோசெகண்ட் வேண்டும். எழுத்தென்றால் முகவரி அடுத்த கட்டத்துக்கு நகர மேலும் 4. கர்சரை முதலிடத்துக்குக் கொண்டுபோகும் கட்டளைக்கு 1.52 மில்லிசெகண்ட், திரையைத் துடைக்கும் கட்டளைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. மாறாக, பைட்டை உள்ளே தள்ளும் எனேபிள் துடிப்பு 5 வோல்ட்டில் 230 நானோசெகண்ட் அகலமிருந்தால் போதும். தள்ளுவது கண நேரம், செரிப்பது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். புரோகிராம் எழுதுபவரின் தலைவலி முழுக்க இந்த விகிதத்திலிருந்து வருகிறது.

இன்னொரு கால அளவும் உண்டு. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் வேகம் தேடுகிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் திரவப் படிகம் நிலை மாற அறை வெப்பத்தில் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் பிடிக்கும்; குளிரில் இன்னும் மெதுவு. நூற்றில் ஒரு பங்கு செகண்ட் காட்டும் ஸ்டாப்வாட்ச் எழுதிப் பாருங்கள்: கடைசி இலக்கம் எந்த எண்ணாகவும் தெரியாது, மங்கலான ஓர் 8 போலத் தேங்கி நிற்கும். செகண்டுக்கு ஐந்தாறு முறைக்கு மேல் இந்தத் திரைக்குப் புதுச் செய்தி சொல்வதால் பயனில்லை.

எல்இடியின் வழக்கு வேறு

இன்டரப்டில் திரையைப் புதுப்பிக்கும் பழக்கத்தின் வேர் பெரும்பாலும் ஏழு துண்டு எல்இடி எண்களில் இருக்கிறது. நான்கு இலக்கங்களுக்கும் துண்டுக் கம்பிகள் பொது; ஒரு நேரத்தில் ஓர் இலக்கம் மட்டுமே எரியும். 2.5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டைமர் தட்டி அடுத்த இலக்கத்துக்கு மாற்றினால் ஒவ்வொன்றும் செகண்டுக்கு 100 முறை எரிந்து, கண்ணுக்கு நான்கும் சேர்ந்து எரிவதாகத் தோன்றும். இங்கே டைமர் இன்டரப்ட் கட்டாயம். மெயின் லூப் கொஞ்சம் தாமதித்தாலும் ஓர் இலக்கம் பளிச்சென்று எரிய, மற்ற மூன்றும் அணைந்துபோகும். இலக்கம் மாற்றும் முன் துண்டுகளை அணைக்க மறந்தால் முந்தைய எண்ணின் நிழல் அடுத்ததில் படியும்.

இதன் உச்சக்கட்ட உதாரணம் வீட்டுக் கணினிகளில் கிடைக்கிறது. சிங்க்ளேரின் இசட்எக்ஸ்80 (1980) தொலைக்காட்சித் திரைக்கான படத்தைத் தன் இசட்80 பிராசஸரைக் கொண்டே வரைந்தது. கணக்குப் போடும்போது திரை காணாமல் போகும். அடுத்த ஆண்டு வந்த இசட்எக்ஸ்81, மறைக்க முடியாத இன்டரப்ட் ஒன்றை வைத்து, படத்தை வரைந்துகொண்டே இடைவெளியில் புரோகிராமையும் ஓட்டியது. விலை? திரை அணைந்திருக்கும் ‘ஃபாஸ்ட்’ முறையோடு ஒப்பிட்டால் வேகம் கால் பங்கு.

எல்இடியில் கற்ற பாடத்தை அப்படியே எல்சிடிக்குக் கொண்டுவரும்போதுதான் வினை. எல்இடி இன்டரப்ட் இரண்டு போர்ட்டுகளில் எழுதிவிட்டுத் திரும்புகிறது. சில மைக்ரோசெகண்ட் வேலை. எல்சிடி இன்டரப்டுக்குள் லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது காத்திருக்கத் தொடங்குகிறது.

உள்ளே நின்றால் என்ன கெடும்

செகண்டுக்கு நான்கு முறை டைமர் தட்ட, இன்டரப்ட் ரொட்டீனுக்குள்ளேயே இரண்டு வரியையும் எழுதிவிடுகிறார் ஒருவர் என்று கொள்வோம். ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் குடும்பச் சில்லில் ஓர் இன்டரப்ட் ரொட்டீன் ஓடும்போது, நாமாகத் திறந்துவிட்டால் ஒழிய, மற்ற இன்டரப்டுகள் வாசலில் நிற்கும். ஏழு மில்லிசெகண்ட் கதவு சாத்தியிருக்கிறது. அந்நேரம் சீரியல் வழியாக 9600 பாட் வேகத்தில் ஜிபிஎஸ் கருவியிலிருந்து வரிகள் வருகின்றன. பைட் ஒன்றுக்கு 1.04 மில்லிசெகண்ட்; ஆக, ஆறேழு பைட்கள் வந்து சேரும். ஏடிமெகா328பியின் சீரியல் பகுதியில் இரண்டு பைட் வைக்க இடமுண்டு, மூன்றாவது ஒன்று உள்வாங்கும் ரெஜிஸ்டரில் நிற்கலாம். மீதி போயிற்று. ஜிபிஎஸ் வரியின் நடுவில் ஓட்டை விழுந்து செக்சம் தவறும். பழி கம்பியின் மீது விழும்.

அர்டுயீனோவின் மில்லிசெகண்ட் கடிகாரமும் இன்னொரு டைமர் இன்டரப்டில்தான் ஓடுகிறது: டைமர்0, 1.024 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. காத்திருக்கும் இன்டரப்டுக்குச் சில்லு ஒரே ஒரு கொடியை வைத்திருக்கிறது. ஆறு முறை நிரம்பி வழிந்தாலும் கொடி ஒன்றுதான். கதவு திறந்ததும் ஒரு டிக் மட்டுமே எண்ணப்படும். திரையை எழுதும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் நான்கைந்து மில்லிசெகண்டைத் தொலைத்துக்கொண்டே போகும். செகண்டுக்கு நான்கு முறை என்றால் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை மெதுவு. திரையில் தெரியும் கடிகாரமே, அதைத் திரையில் காட்டியதால் பிந்திப்போகும் வேடிக்கை இது.

இன்னும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. இதைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். இன்டரப்ட் மேல் வரியில் நேரத்தை எழுதுகிறது. மெயின் லூப் கீழ் வரியில் வெப்பநிலையை எழுதுகிறது. ஒரே சிலேட்டில் இரண்டு பேர் ஒரே பலப்பத்தால் எழுதுவது போலத்தான். எச்டி44780இல் முகவரி எண்ணி ஒன்றே ஒன்று. மேல் வரியின் நினைவகம் 0 முதல் 39 வரை, கீழ் வரியுடையது 64 முதல் 103 வரை; திரையில் தெரிவது ஒவ்வொன்றிலும் முதல் பதினாறு. மெயின் லூப் முகவரியை 64இல் வைக்கிறது. அடுத்த எழுத்தை அனுப்பும் முன் இன்டரப்ட் வருகிறது. அது முகவரியை 8இல் வைத்து, மணி, நிமிடம், செகண்ட் என எட்டு எழுத்துகளை எழுதி முடிக்கும்போது எண்ணி 16இல் நிற்கிறது. திரும்பி வந்த மெயின் லூப்புக்கு நடந்தது எதுவும் தெரியாது. வெப்பநிலையை அங்கே கொட்டுகிறது. 16ஆம் முகவரி திரையின் வலப்பக்க விளிம்புக்கு அப்பால் இருக்கிறது. கிறுக்கல்கூட இல்லை, வெப்பநிலை வெறுமனே மாறாமல் நிற்கிறது, எப்போதாவது ஒருமுறை.

நான்கு கம்பி இணைப்பில் இன்டரப்ட் இரண்டு பாதிகளுக்கு நடுவே விழுந்தால் இதைவிட மோசம். மேல் பாதி போய்விட்டது, கீழ் பாதி போகவில்லை. இன்டரப்ட் அனுப்பும் முதல் பாதியைத் திரை அந்தப் பழைய பைட்டின் கீழ் பாதியாக எடுத்துக்கொள்ளும். இன்டரப்ட் முழு பைட்களாக எழுதிவிட்டுத் திரும்பினால் பாதிகள் கடைசியில் ஒருவாறு சீராகிவிடும். ஆனால் அதற்குள் போனவையெல்லாம் தவறான எழுத்துகள், தவறான கட்டளைகள். ‘டிஸ்ப்ளே ஆஃப்’ கட்டளைகூட அதில் தற்செயலாகப் பிறக்கலாம்.

எனவே முதல் விதி: திரைக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். இன்டரப்டா, மெயின் லூப்பா என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். இருவரும் தொட்டால், இன்டரப்டை மூடித் திறந்து ஒட்டுப்போடும் வேலை முடிவில்லாமல் நீளும்.

கொடி காட்டுவது

எளிய தீர்வு, சொந்தம் மெயின் லூப்புக்கு. டைமர் இன்டரப்ட் ஒரு வேரியபிளை 1 ஆக்கிவிட்டுப் போய்விடும். மெயின் லூப் அதைப் பார்த்துத் திரையை எழுதி, 0 ஆக்கும். இன்டரப்ட் குட்டையாக இருப்பதால் சீரியலும் கடிகாரமும் பிழைக்கும். அந்த வேரியபிளை ‘வாலட்டைல்’ என்று அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் அதை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு நினைவகத்தைத் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிடும். வகுப்பில் எல்லாரும் படிக்கும் பாடம் இது.

வகுப்பில் அவ்வளவாகச் சொல்லப்படாதது, எட்டு பிட் சில்லில் 16 பிட் எண்ணை வாசிக்கும்போது ‘வாலட்டைல்’ மட்டும் காப்பாற்றாது என்பது. இன்டரப்ட் ஏற்றிக்கொண்டிருக்கும் எண்ணி 255இல் இருக்கிறது. மெயின் லூப் கீழ் பைட்டை வாசிக்கிறது: 255. அதே நொடியில் இன்டரப்ட் எண்ணியை 256 ஆக்குகிறது: மேல் பைட் 1, கீழ் பைட் 0. மெயின் லூப் இப்போது மேல் பைட்டை வாசிக்கிறது: 1. சேர்த்தால் திரையில் 511. அடுத்த புதுப்பிப்பில் சரியாகிவிடும் என்பதால் பார்த்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு விட்டுவிடுவார். வாசிக்கும் அந்த இரண்டு மூன்று கட்டளைகளுக்கு மட்டும் இன்டரப்டை மூடுவது தீர்வு. ஏவிஆர்-லிப்சியில் இதற்கென்றே அட்டாமிக் பிளாக் இருக்கிறது.

கொடி முறையில் மெயின் லூப் இன்னமும் எட்டு மில்லிசெகண்ட் நிற்கிறது. வெப்பமானிக்கு இது பொருட்டே இல்லை. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துடிப்பு கொடுத்துக்கொண்டிருக்கும் லூப்புக்கு இது கேட்கும். மோட்டார் திக்குவது காதில் விழும்.

டிக்குக்கு ஒரு பைட்

என் பார்வையில், நேரடிக் கம்பி இணைப்புள்ள திரைக்கு இதைவிட நல்ல முறை இல்லை. மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகத்தில் 32 பைட் பஃபர் ஒன்று, திரையின் நகல். மெயின் லூப் திரையைத் தொடவே தொடாது, பஃபரில் எழுதும். நினைவகத்தில் எழுதுவது என்பதால் சில மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். டைமர் மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தட்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் இன்டரப்ட் ஒரே ஒரு பைட்டைத் திரைக்குத் தள்ளிவிட்டுத் திரும்பும்.

உள்ளே இருப்பது 0 முதல் 33 வரை சுற்றும் ஓர் எண்ணி. எண்ணி 0 என்றால் முதல் வரியின் தொடக்க முகவரிக் கட்டளை, அதாவது 128. 17 என்றால் இரண்டாம் வரியின் தொடக்கம், 192. மற்ற நேரங்களில் பஃபரிலிருந்து அடுத்த எழுத்து. முகவரியைத் திரையே நகர்த்திக்கொள்ளும். 34 டிக்குகளில் திரை முழுவதும் ஒரு சுற்று; செகண்டுக்கு ஏறத்தாழ 29 சுற்று. கண்ணாடியால் காட்ட முடிவதைவிடப் பல மடங்கு அதிகம்.

இதில் காத்திருப்பு எங்கே போயிற்று? திரைக்கு வேண்டிய 41 மைக்ரோசெகண்டுக்குப் பதில் முழு மில்லிசெகண்ட் கிடைக்கிறது. அந்நேரம் மெயின் லூப் தன் வேலையைப் பார்க்கிறது. நான்கு கம்பி என்றால் இரண்டு பாதிகளையும் ஒரே டிக்கில் தள்ளிவிடலாம். பாதிகளுக்கு நடுவே 37 மைக்ரோசெகண்ட் தேவையில்லை, எனேபிள் சுழற்சிக்கு வேண்டிய ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவான இடைவெளி போதும். போர்ட்டில் நேரடியாக எழுதினால் ரொட்டீன் முழுவதும் நூறு, நூற்றைம்பது சுழற்சிகளில் முடியும். 16 மெகாஹெர்ட்ஸில் பத்து மைக்ரோசெகண்டுக்குள். ஆயிரத்தில் பத்து, பிராசஸரின் நூற்றில் ஒரு பங்கு. திரை இன்னும் வேலையில் இருக்கிறதா என்று சொல்லும் அதன் பிஸி கொடியை வாசிக்கத் தேவையில்லை என்பதால் வாசிப்பு-எழுத்துக் கம்பியைத் தரையில் கட்டிவிடலாம். ஒரு பின் மிச்சம். 3.3 வோல்ட் சில்லை 5 வோல்ட் திரையோடு இணைப்பவர்களுக்கு இதில் பாதுகாப்பும் உண்டு: திரை ஒருபோதும் 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பாது.

துடைக்கும் கட்டளையை இந்த முறையில் விட்டுவிட வேண்டும். 1.52 மில்லிசெகண்ட் ஒரு டிக்குக்குள் அடங்காது. தவிர, துடைத்து எழுதினால் திரை சிமிட்டும். பஃபரை வெற்றிடங்களால் நிரப்பினால் அதே பலன், சிமிட்டல் இல்லாமல்.

ஒரு சிறு பொறி. பதினாறு எழுத்தை எஸ்என்பிரிண்ட்எஃப் கொண்டு பஃபரின் முதல் வரியில் நேராக எழுதினால், சரத்தின் முடிவைக் காட்டும் பூஜ்யம் பதினேழாவது பைட்டில், அதாவது கீழ் வரியின் முதல் கட்டத்தில், விழும். எழுத்துக் குறியீடு 0 என்பது பயனர் வரைந்துகொள்ளும் முதல் எழுத்து. வரையாமல் விட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் அர்த்தமில்லாத புள்ளிக் குவியல் தெரியும். தனி வரிசையில் எழுதிப் பதினாறை மட்டும் நகலெடுக்க வேண்டும்.

நான்கு வரி, இருபது எழுத்துத் திரையில் இந்த முறை இன்னும் அழகாகப் பொருந்துகிறது. 80 கட்டம், 80 பைட். முகவரி 39க்குப் பிறகு 64க்கும், 103க்குப் பிறகு 0க்கும் தானாகவே தாவும். அதனால் முகவரிக் கட்டளையே இல்லாமல் 80 எழுத்தையும் சுற்றிச் சுற்றி எழுதலாம். முதல் வரிக்குப் பின் மூன்றாம் வரி, பிறகு இரண்டாவது, நான்காவது என்ற வரிசையை மட்டும் பஃபரில் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். ஆனாலும் சுற்றுக்கு ஒருமுறை முகவரிக் கட்டளையை அனுப்புவதே நல்லது. மின்னிரைச்சலால் ஒரு துடிப்பு கூடிப்போனால் திரை முழுவதும் ஒரு கட்டம் தள்ளி நின்றுவிடும். கட்டளை இருந்தால் அடுத்த சுற்றில் தானே சரியாகும்.

மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புவது என்றொரு வகை உண்டு. காட்டவேண்டியது, காட்டியது என இரண்டு பஃபர். வேறுபடும் கட்டத்துக்கு மட்டும் முகவரியும் எழுத்தும். சிக்கனமாகத் தோன்றும். ஆனால் தானே சரியாகும் குணம் இதில் போய்விடுகிறது: இரைச்சலால் கெட்ட எழுத்தை, அது மாறவில்லை என்பதால், யாரும் திருத்த மாட்டார்கள். 16×2 திரைக்கு இந்தச் சிக்கனம் வீண்.

சந்திரனுக்குப் போன அட்டவணை

மாறியதை மட்டும் அனுப்பும் முறைக்கு நியாயமான இடமும் உண்டு. அதன் மூத்த உதாரணம் எம்ஐடியின் கருவியியல் ஆய்வகம் அப்போலோ விண்கலங்களுக்காக வடிவமைத்த வழிகாட்டிக் கணினி. அதன் விசைப்பலகை-திரையான டிஸ்கியில் 21 இலக்கங்கள்: நிரல், வினை, பெயர் எனப்பட்ட மூன்று இடங்களில் இரண்டிரண்டு, ஐந்து இலக்க வரிகள் மூன்று. இலக்கங்களை ஒளிரவைத்தவை ரிலேக்கள். ஒருமுறை தட்டினால் அந்நிலையிலேயே நிற்கும் வகை. ஆக, அந்தத் திரையும் எச்டி44780 போலத் தன்னைத் தானே நினைவில் வைத்துக்கொண்டது. அந்தத் திரையும் மெதுவானது.

கணினியின் ஒரு சொல் ஒரு ரிலே வரிசையைக் குறித்தது: நான்கு பிட் வரிசை எண், ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறி போன்றவற்றுக்கு, இரண்டு இலக்கங்களுக்கு ஐந்தைந்து பிட். பதினோரு வரிசைகள். இவற்றின் நகலாக நினைவகத்தில் பதினோரு சொல் கொண்ட அட்டவணை. திரையில் எதையாவது மாற்ற விரும்பும் புரோகிராம் அட்டவணையில் எழுதி, அந்தச் சொல்லைக் கழித்தல் குறியோடு விட்டுவிடும். ‘இன்னும் காட்டவில்லை’ என்று பொருள். நான்காவது டைமரின் இன்டரப்ட் ஏறத்தாழ 120 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும்போது அட்டவணையைத் துழாவி, கழித்தல் குறியுள்ள ஒரு சொல்லை எடுத்து ரிலேக்களுக்கு அனுப்பி, குறியைக் கூட்டலாக்கும். ரிலே நிலை மாற 20 மில்லிசெகண்ட் அவகாசம் தந்து, பிறகு சுருள்களின் மின்சாரத்தை நிறுத்தும். இன்டரப்ட் உள்ளே நிற்பதில்லை. 20 மில்லிசெகண்டுக்குப் பிறகு மீண்டும் எழுப்பும்படி டைமரை வைத்துவிட்டுப் போய்விடும்.

இன்றைய முறையின் எல்லா உறுப்புகளும் இதில் இருக்கின்றன: நினைவக நகல், தட்டலுக்கு ஒரு துண்டு, காத்திருப்பை டைமரிடம் ஒப்படைப்பது. இங்கே சிக்கனம் வீணாகவில்லை. ஒரு வரிசைக்கு 120 மில்லிசெகண்ட் என்றால் பதினொன்றையும் வீணே சுற்றிவர ஒரு செகண்டுக்கு மேல் ஆகும், ரிலேயும் தேயும்.

டிக்கின் நீளம்

ஏடிமெகாவில் மில்லிசெகண்ட் டிக் சிரமமில்லை: டைமர்1, 64ஆல் வகுக்கும் பிரீஸ்கேலர், ஒப்பீட்டு எண் 249. பதினாறு மில்லியனை 64ஆலும் 250ஆலும் வகுத்தால் சரியாக ஆயிரம். நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இன்னமும் வாழும் 8051 குடும்பத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சீரியல் வேகத்துக்காக அங்கே 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போடுவது வழக்கம். பன்னிரண்டால் வகுத்தால் செகண்டுக்கு 9,21,600 எண்ணிக்கை. ஒரு மில்லிசெகண்டுக்கு 921.6. டைமர் பாதி எண்ணாது. 922 என்று வைத்து அதே டிக்கில் கடிகாரமும் ஓட்டினால் நாளுக்கு 37 செகண்ட் பிந்தும். 2.5 மில்லிசெகண்ட் என்றால் சரியாக 2304. 34 பைட் சுற்றுக்கு 85 மில்லிசெகண்ட், திரைக்குத் தாராளம். டைமர்0ஐப் பதினாறு பிட் முறையில் ஓட்டி ஒவ்வொரு முறையும் கையால் நிரப்பினால் நிரப்பும் நேரம் வேறு சேர்ந்துகொள்ளும். ஏடி89எஸ்52 போன்ற சில்லுகளில் தானே நிரப்பிக்கொள்ளும் டைமர்2 இருக்கிறது, அதுவே நல்லது.

இரண்டு கம்பித் திரை

பிசிஎஃப்8574 சில்லு வைத்த ஐ-ஸ்கொயர்-சி முதுகுப்பலகை வந்தபின் பலர் நேரடிக் கம்பி இணைப்பை விட்டுவிட்டார்கள். இரண்டே கம்பி, ஆனால் நேரக் கணக்கு தலைகீழ். 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட் போக 90 மைக்ரோசெகண்ட். பரவலாகப் புழங்கும் லைப்ரரி ஒவ்வொரு பாதிக்கும் மூன்று தனித்தனிப் பரிமாற்றம் செய்கிறது, ஒவ்வொன்றிலும் முகவரியும் டேட்டாவுமாக 200 மைக்ரோசெகண்ட். எழுத்துக்கு 1.2 மில்லிசெகண்ட், திரைக்கு 38.

இதை டைமர் இன்டரப்டுக்குள் கூப்பிட்டால் மெதுவாவது இருக்கட்டும், ஏவிஆரில் புரோகிராமே நின்றுவிடும். அர்டுயீனோவின் வயர் லைப்ரரி தன் வேலையை இன்னொரு இன்டரப்டின் மூலம் செய்கிறது. நாம் ஓர் இன்டரப்டுக்குள் இருப்பதால் அந்த இன்டரப்ட் வர முடியாது. வராததற்காக லைப்ரரி காத்திருக்கும். லைப்ரரி முடியாததால் நாம் வெளியே வர முடியாது. இங்கே கொடி முறைதான் சரி. மாறிய கட்டங்களை மட்டும் அனுப்புவதும் இங்கே பயனுள்ளது. இன்னும் முன்னேற வேண்டுமானால், ஓர் எழுத்துக்கான நான்கு பைட்களைத் தனித்தனியாக அனுப்பாமல் எட்டு எழுத்துகளுக்குரிய 32 பைட்களை ஒரே பரிமாற்றத்தில் அடுக்கி விடலாம். ஏவிஆர் வயர் லைப்ரரியின் பஃபரும் 32 பைட்தான். எழுத்துக்கு 360 மைக்ரோசெகண்டாகக் குறையும். இடையில் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை, கம்பியின் மந்தகதியே திரைக்கு வேண்டிய அவகாசத்தைத் தந்துவிடுகிறது.

ஆர்டிஓஎஸ் எனப்படும் நிகழ்நேர இயக்க முறைமை வைத்திருப்பவர்கள் திரைக்கென்று ஒரு டாஸ்க் வைத்து, மற்றவர்கள் கியூ வழியாக அதனிடம் செய்தி சொல்லும்படி செய்கிறார்கள். ஒரே சொந்தக்காரர் என்ற விதிதான். எஸ்டிஎம்32 சில்லுகளில் டைமர் தட்டும்போதெல்லாம், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டாவை நகர்த்தும் டிஎம்ஏ பகுதி நினைவகத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் போர்ட்டின் ரெஜிஸ்டரில் போட்டுவிடும்படி அமைக்கலாம். இன்டரப்டே இல்லாமல் எழுத்துத் திரை ஓடும். சாமர்த்தியம்தான், ஆனால் 16×2 திரைக்கு அவ்வளவு ஆடம்பரம் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மிச்சமிருக்கும் தொல்லைகள்

37 மைக்ரோசெகண்ட் என்ற எண் கல்லில் வெட்டியதல்ல. சில்லின் உள் ஆசிலேட்டர் 270 கிலோஹெர்ட்ஸில் ஓடினால்தான் அது பொருந்தும். மின்னழுத்தம் குறைந்தால் ஆசிலேட்டரின் வேகமும் மாறும், இணைச் சில்லுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மேசையில் ஓடிய புரோகிராம் வேறொரு திரையில் எழுத்தை விழுங்குவது இதனால்தான். மில்லிசெகண்ட் டிக்கில் இருபது மடங்குக்கும் மேல் இடம் இருப்பதால் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

நான்கு கம்பி இணைப்பில் பாதி தவறிப்போவதற்கு மட்டும் டிக் முறையிலும் தனி மருந்து வேண்டும். கான்டாக்டர் அருகில் எனேபிள் கம்பியில் ஒரு போலித் துடிப்பு ஏறினால் போதும், அதன்பின் வருவதெல்லாம் அரை பைட் தள்ளிப் படிக்கப்படும். எத்தனை சுற்று எழுதினாலும் சரியாகாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, மின்சாரம் வந்ததும் செய்யும் தொடக்கச் சடங்கை டிக்குகளில் பிரித்து மீண்டும் செய்துவிடுவது வழி: 3 என்ற பாதியைப் போதிய இடைவெளிகளில் மூன்று முறை, பிறகு 2. இது எழுத்து நினைவகத்தைத் தொடாது, தொடர்ந்து வரும் முகவரிக் கட்டளையோடு திரை பழையபடி நடக்கும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

கடைசியாகத் தமிழ். இந்தச் சில்லுகளின் எழுத்துப் பட்டியலில் ஜப்பானியக் கதகானா உண்டு, ஐரோப்பிய எழுத்து உண்டு, தமிழ் இல்லை. நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துக்கு 64 பைட் இடம். ஐந்துக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் ட, ப, ம எளிதாக அடங்கும். ண, ஞ போன்றவை இரண்டு கட்டம் கேட்கும். ‘வெப்பம்’ என்ற சொல்லுக்கே ஒற்றைக்கொம்பையும் சேர்த்து எட்டில் பாதி, அதற்கு மேலும் போய்விடும். திரை மாறும்போது வடிவங்களையும் மாற்றிக்கொள்ளலாம், டிக் முறை இதற்கும் இடம் தருகிறது: ஒரு வடிவத்துக்கு முகவரிக் கட்டளை ஒன்றும் எட்டு பைட்டும், ஆக ஒன்பது டிக். இன்டரப்ட் ரொட்டீனின் எண்ணியில் ஒரு கிளை கூடும். ஆனால் அந்த முகவரிக் கட்டளை எண்ணியை எழுத்து நினைவகத்திலிருந்து வடிவ நினைவகத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், வடிவம் எழுதுவதைச் சுற்றின் முடிவில், அடுத்த 128 கட்டளைக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் வரியின் மீதி எழுத்துகள் வடிவங்களாகப் பதிந்து, ப இருந்த இடத்தில் வேறு ஏதோ முளைக்கும்.